சாவடியில் இல்லாதவள்

கேபார் தாமார் கிராமத்தில் ஓர் உழவன் பெண்டாட்டியை ரோமப் பட்டாளத்தான் சாவடியில் இரண்டு நாள் அடைத்து வைத்துவிட்டு அனுப்பினால், வீட்டில் ஒரு நாள் அழுகை இருக்கும், கிணற்றடியில் ஒரு வாரம் பேச்சு இருக்கும், அப்புறம் அவள் பாட்டுக்கு அடுப்பு மூட்டுவாள். ஆலயத்தில் பலி செலுத்தும் ஆசாரியன் பெண்டாட்டி என்றால் கதையே வேறு. அவள் தன் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. ஆசாரியக் குலத்தில் கலப்பு வரக்கூடாதாம். அந்நியன் காவலில் இருந்துவிட்டு வந்தவள் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தாலும் செல்லாது. புருஷன் அவளுக்காகச் சொன்னாலும் செல்லாது. கூட இருந்து பார்த்த வேறு ஒருவர் வந்து சொல்ல வேண்டும். அந்த ஒருவர் அடிமைப் பெண்ணாக இருந்தாலும் போதும்.

திம்னா ஆசாரியன் பெண்டாட்டி. அவள் புருஷன் மல்கியா முதல் ஆசாரியனான ஆரோன் வழிவந்தவன். ஆனால் அந்தப் பெருமையை உலையில் போட்டால் வேகாது. அறுப்புக் காலத்தில் ஊரார் ஆசாரியருக்கென்று களத்தில் ஒதுக்கும் பங்கு அவனுக்கு வந்ததே இல்லை. செப்போரி நகரத்து அரிஸ்தோனும் ஆசாரியன்தான். ஒரே குலம், ஒரே பிரிவு. ஆனால் அவன் ஆட்கள் தடியோடு வந்து களத்திலேயே பங்கை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். வல்லான் வகுத்ததே வாய்க்கால், கேட்கப் போனால் முதுகு வீங்கும். மல்கியா ஊரார் தோட்டங்களுக்கு மதில் கட்டக் கல் சுமந்தான். வருஷத்தில் தன் பிரிவின் முறை வரும் இரண்டு வாரம் மட்டும் எருசலேமுக்குப் போய், சணல்நூல் வெள்ளை அங்கி உடுத்தி, அரிஸ்தோனுக்குப் பக்கத்தில் அவனைப் போலவே வெறுங்காலோடு நின்று ஆலயத்தில் ஊழியம் செய்வான். அந்த இரண்டு வாரத்தை நினைத்துக்கொண்டுதான் மற்ற ஐம்பது வாரமும் கல் சுமந்தான்.

ஆசாரியப் பங்கு மாவைக் கண்டவர்கள் பிசைந்துவிட முடியாது. சுத்தம் பார்க்கிற ஆசாரிய வீட்டுப் பெண் வேண்டும். அதனால் அரிஸ்தோன் வீட்டார் திம்னாவைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய மாவைத் தானே பிசைந்து, தானே சுட்டு, அவர்கள் சாப்பிடக் கொடுத்துவிட்டு, கூலியாகக் கொஞ்சம் பார்லி வாங்கிக்கொண்டு வருவாள். இதில் சிரிக்க இருக்கிறது என்று ஒருநாள் புருஷனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் கூடாரப் பண்டிகைக்கு முன்னால் அரிஸ்தோன் மனைவி யோகானா கேபார் தாமாரில் இருந்த தங்கள் தோட்ட வீட்டுக்கு வந்திருந்தாள். பண்டிகை அப்பம் சுட வேண்டும் என்று நகரத்துக்குத் திரும்பும்போது திம்னாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். பாதி வழியில், சாலையோரச் சாவடியிலிருந்து ஐந்தாறு பட்டாளத்துக்காரர்கள் வந்து மறித்தார்கள். அவர்களுக்குக் கோவேறு கழுதைகள் வேண்டும், வண்டியும் வேண்டும். வண்டிக்காரன் இறங்கி ஓட்டம் பிடித்தான். பெண்கள் இரண்டு பேரையும் என்ன செய்வது என்று அவர்களுக்கே தெரியவில்லை. தேடி வருகிறவன் ஏதாவது கொடுப்பான் என்று தானிய அறையில் தள்ளி வெளியே தாழ் போட்டார்கள்.

உள்ளே யோகானா முதலில் செய்த காரியம், கம்மலையும் வளையலையும் கழற்றி உளுத்துப்போன கோதுமைக்குள் புதைத்தது. அடுத்து, திம்னாவின் முக்காட்டை வாங்கித் தன் பட்டு தெரியாமல் போர்த்திக்கொண்டாள்.

"என் பேர மட்டும் சொல்லிடாத," என்றாள்.

"சொல்ல மாட்டேம்மா."

"வெளிய போனா எனக்கு நீதான் சாட்சி. உனக்கு நான்தான். நம்ம ரெண்டு பேருக்கும் வேற நாதி இல்ல." யோகானா அவள் தலையில் கை வைத்தாள். "தேவாலயத்து மேல சத்தியம்டி."

ஆறு வருஷமாக அந்த வீட்டுக்கு அப்பம் சுடுகிறாள் திம்னா. யோகானா வாயிலிருந்து 'நம்ம' என்ற சொல்லை அன்றுதான் கேட்டாள். பைத்தியக்காரி, அந்த இடத்திலும் அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் யோகானாவுக்கு நாக்கு வறண்டுவிட்டது. கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டால், வந்து எடுத்துக்கொள் என்றான் காவல்காரன். "நீ போயிட்டு வா. என்னை யாராவது தெரிஞ்சவங்க பாத்துட்டா குடி முழுகிப் போயிடும்," என்றாள் யோகானா. திம்னா போனாள். முக்காடு யோகானாவிடம் இருந்தது. திறந்த தலையோடு முற்றத்துக் கிணற்றில் அவள் நீர் இறைத்துக்கொண்டிருந்தபோது, சாவடிக்கு வைக்கோல் கொண்டுவந்த இரண்டு பேர் பாரத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவள் பக்கத்து வீட்டு ஏத்தாம். இன்னொருவன் அவன் சித்தப்பா மகன். அவர்கள் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

அன்று நண்பகலில் குடித்துவிட்டு இரண்டு பேர் வந்து தாழைத் திறந்து கதவைத் தள்ளினார்கள். அதற்குள் திம்னா மூலையில் கிடந்த திரிகைக் கல்லை உருட்டிவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதில் முதுகைச் சாய்த்துக் கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டாள். யோகானா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கதவு ஒரு விரற்கடை திறந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் உதைத்துப் பார்த்துவிட்டு, சிரித்து, ஏதோ பாட்டைப் பாடிக்கொண்டு போய்விட்டார்கள். நடந்தது இவ்வளவுதான், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சாயங்காலம் அரிஸ்தோன் வீட்டுக் காரியஸ்தர் சீலா வந்தார். ஓடிப்போன வண்டிக்காரன் அவர் ஒருவரிடம் மட்டும் சொல்லியிருந்தான். பட்டாளத்துக்காரர்கள் வாயை எப்படி அடைக்க வேண்டுமோ அப்படி அடைத்து, யோகானாவை மூடுபல்லக்கில் ஏற்றிப் பின்வழியாக அனுப்பினார்.

"நீ நடந்து போயிடுவ இல்ல?" என்று திம்னாவைக் கேட்டார்.

"போயிடுவேன் ஐயா."

போனாள். ஆனால் அவளுக்கு முன்னால் ஏத்தாம் ஊருக்குப் போய்விட்டான். அவன் கெட்டவன் இல்லை. திம்னாவைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தில் நேரே ஜெப ஆலயத்துக்கு ஓடி, ஊர் ஆண்கள் எல்லாரும் கூடியிருந்த இடத்தில், "மல்கியா, உன் பொண்டாட்டிய சாவடியில அடைச்சு வெச்சிருக்காங்க, நாங்க ரெண்டு பேரும் கண்ணால பாத்தோம்," என்று கத்திவிட்டான். இதையே மல்கியாவின் காதோடு சொல்லியிருந்தால் ஒன்றும் இல்லை. சாவடியில் இருந்தது யாருக்கும் தெரியாமல், அவளே வந்து "அங்கே இருந்தேன், சுத்தமாக இருக்கிறேன்" என்று சொன்னால் நம்பிவிட வேண்டும் என்பதுதான் சட்டம். கட்டின வாயே அவிழ்க்கலாம். இரண்டு பேர் பார்த்துவிட்டால் அது சாட்சி. அப்புறம் அவள் வாய்க்கு மதிப்பில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அன்று சாயங்காலமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

திம்னா தெருவுக்குள் வந்தபோது மல்கியா வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஐந்து வயது மகள் கேசியா அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்கயே நில்லு திம்னா," என்றான். அவன் குரல் அவன் குரலாகவே இல்லை.

அவள் நின்றாள். ஏத்தாமின் மனைவி ரூமா வந்து அவளைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில். கொஞ்ச நேரம் கழித்து மல்கியா மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். தனியாகப் பேசக்கூடாது என்பதால் ரூமா கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றாள். திம்னா அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கழுதை பிடித்ததிலிருந்து திரிகைக் கல் வரைக்கும், யோகானாவின் சத்தியம் வரைக்கும், ஒன்றையும் மறைக்கவில்லை. பிற்பாடு அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

"நான் நம்புறேன்," என்றான் மல்கியா. "என் நம்பிக்கை நியாய சபைக்கு உதவாது. அந்தம்மா வந்து சொல்லுவாங்களா?"

"தேவாலயத்து மேல சத்தியம் பண்ணியிருக்காங்க."

"அப்ப ஒரு வாரம். மிஞ்சிப்போனா ரெண்டு வாரம். பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

பண்டிகை வந்து போனது. யோகானா வரவில்லை, ஆளும் வரவில்லை. கேசியா மதில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நீ ஏன் ரூமா அத்தை வீட்ல தூங்குற?" என்று தினமும் கேட்டாள். தினமும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ஆறாம் நாள் காரணம் தீர்ந்துபோய், "உங்கப்பாகிட்ட கேளு," என்றாள்.

ரூமாவுக்கு நாக்கு அரிவாள் மாதிரி. மனசு அப்படி இல்லை. "என்னையும் ஒருதரம் பிடிச்சுட்டுப் போகட்டும் பாரு," என்பாள். "ரெண்டு நாள் கழிச்சு வந்து நின்னா எங்க வீட்டுக்காரரு, 'எங்கடி போயிட்ட, கஞ்சி ஆறிப்போச்சு'ன்னு கேப்பாரு. உனக்குத்தான் உசந்த குலம். நல்லா உசந்தீங்க போ, கீழ இறங்க ஏணி இல்லாம."

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்," என்பான் ஏத்தாம், மூலையிலிருந்து.

"உங்க வாயில ஈயத்தக் காச்சி ஊத்தணும். பேசாம இருங்க."

மூன்று வாரம் போனதும் திம்னா பொறுக்க மாட்டாமல் ரூமாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு செப்போரிக்கு நடந்தாள். வழக்கமாக அடுப்படிக்குப் போகிற பின்வாசலில் சீலா மறித்தார். ரூமாவை வெளியே நிறுத்திவிட்டு அவளை மட்டும் உள்ளே விட்டார். பின்கட்டில் யோகானா வந்தாள். வந்தவுடன் திம்னாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய் இல்லை.

"அம்மா, சபைக்கு எப்ப வர்றீங்க?" என்றாள் திம்னா.

யோகானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் அந்த ரெண்டு நாளும் தீபேரியாவுல என் தங்கச்சி வீட்ல இருந்தேன். அப்படித்தான் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் அப்படித்தான் தெரியும்."

"ஐயாவுக்குமா?"

"அவரு கேக்கல. நான் சொல்லல."

"நான் உங்களுக்குச் சாட்சி சொல்றேம்மா. நீங்க எனக்குச் சொல்லுங்க. சட்டப்படி ரெண்டு பேருமே சுத்தம்னு ஆயிடும்."

"சட்டப்படி ஆயிடும்டி. எங்க வீட்டுப்படி ஆகுமா? ஆலயத்துல பெரிய பதவிக்கு அவர் பேரு அடிபடுது. 'அவன் பொண்டாட்டி சாவடியில இருந்தவ, ஆனா சுத்தம்'னு சொல்லுவாங்க. அந்த ஒரு 'ஆனா' போதும், என்னை மூட்டை கட்டி எங்கப்பா வீட்டுக்கு அனுப்ப. மூணு புள்ளைங்கள விட்டுட்டு நான் எங்கடி போவேன்?"

"எனக்கும் ஒரு புள்ள இருக்கும்மா."

யோகானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். தபீத்தா என்று ஓர் அடிமைப் பெண் இருக்கிறாள். அவள் சபைக்கு வந்து, நானும் இவளும் ஒரே அறையில் இருந்தோம், கண் எடுக்காமல் பார்த்தேன், இவளை யாரும் தொடவில்லை என்று சொல்லிவிடுவாள். அடிமைப் பெண் சொல் இந்த ஒரு விஷயத்தில் செல்லும். திம்னா செய்ய வேண்டியதெல்லாம், எந்தக் காலத்திலும் யோகானாவின் பெயரை எடுக்காமல் இருப்பது.

திம்னா யோசித்துப் பார்த்தாள். சாட்சிதான் பொய், சாட்சி சொல்லும் விஷயம் உண்மை. ஓட்டைச் சட்டியில் கொடுத்தாலும் பால் பால்தானே. அவளுக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை, தன் வீட்டு அடுப்பு வேண்டியிருந்தது. சரி என்றாள். யோகானா அவள் நெற்றியில் முத்தமிட்டாள்.

திரும்பி வந்து மதிலருகே மல்கியாவிடம் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு அங்க இல்லையே," என்றான் அவன்.

"இல்லதான். அதனால என்ன? நான் சுத்தமா இல்லையா?"

"சுத்தம்னு எனக்குத் தெரியும். அவ இல்லைங்கறதும் எனக்குத் தெரியும். பொய்ச் சாட்சியில உன்னை உள்ள கூட்டிக்கிட்டு, அந்தக் காலோட ஆலயத்துல நான் எப்படிப் போய் நிப்பேன்?"

"அரிஸ்தோன் எப்படி நிக்கிறாரு?"

"அவருக்குத் தெரியாது."

"தெரிஞ்சுக்காம இருக்க அவர்கிட்ட வசதி இருக்குங்க. சீலா இருக்காரு, தீபேரியாவுல மச்சினிச்சி வீடு இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு? நான் வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சேன், உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரியாத மாதிரி இருங்க. ஒரு நாள். ஒரே ஒரு நாள் இருங்க. உங்க கால்ல விழுறேன்."

மதிலுக்கு இந்தப் பக்கம் அவள் நிஜமாகவே மண்டியிட்டாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனான். மௌனம் சம்மதம் என்று ஊரில் சொல்வதை அவள் நம்பினாள்.

வியாழக்கிழமை செப்போரியில் சபை கூடியது. நியாயாதிபதிகள் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்தவர் எலாசா, நல்ல படிப்பாளி. அவரை அந்த இருக்கையில் உட்கார வைத்தது அரிஸ்தோன் குடும்பம் என்பது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. சீலா தூணோரம் நின்றார். முதலில் ஏத்தாமும் அவன் சித்தப்பா மகனும் வந்து, சாவடி முற்றத்தில் பார்த்ததைச் சொன்னார்கள். ஏத்தாம் சொல்லும்போதே அழுதுவிட்டான். பிறகு தபீத்தா வந்தாள். பதினாறு வயது இருக்கும். பாடம் ஒப்பிப்பது போல இல்லாமல் நன்றாகவே சொன்னாள். தானிய அறை, உளுத்த கோதுமை, திரிகைக் கல் எல்லாம் சரியாக வந்தன. சொல்லிக் கொடுத்தது யார் என்று திம்னாவுக்குத் தெரிந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு யோகானா அழுத நேரத்தைக்கூட அந்தப் பெண் தன் அழுகையாகச் சொன்னாள்.

எலாசா மற்ற இருவரையும் பார்த்தார். தலையசைத்தார்கள். "நல்லது. இவள் தன் புருஷனுக்கு விலக்கில்லை," என்றார். "மல்கியா, அழைச்சுக்கிட்டுப் போப்பா. சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா?" அது எல்லாரிடமும் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

மல்கியா முன்னால் வந்தான். கல் சுமந்து சுமந்து ஒரு பக்கம் சாய்ந்துபோன தோள். திம்னா அவன் முகத்தைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டாள். "வேண்டாங்க," என்றாள்.

"இந்தப் பொண்ணு அங்க இல்ல," என்றான் மல்கியா.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் எலாசா.

"என் மனைவி சொன்னா. இவ இல்ல, வேற ஒருத்தர் இருந்தாங்க. அவங்க வந்து சொல்லணும். என் மனைவி சுத்தமானவ. அவளுக்குப் பொய்ச் சாட்சி தேவையில்ல."

அவன் அதைப் பெருமையாகச் சொன்னான், பாவி. அந்த ஒரு இடத்தில் தன் மனைவியை இதைவிட உயர்வாக யாரும் பேசியிருக்க முடியாது என்று நினைத்தான். ஆரோன் வழிவந்தவன், சட்டம் என்பது எல்லாருக்கும் ஒரே தராசு என்று சின்ன வயதிலிருந்து படித்தவன். தராசு யார் கையில் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"யார் அந்த வேற ஒருத்தர்?" என்றார் எலாசா, திம்னாவைப் பார்த்து.

சீலா தூணிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார். திம்னா அவரைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்றி இனி யாருக்கு என்ன லாபம்?

"யோகானா அம்மா," என்றாள். "அரிஸ்தோன் ஐயா வீட்டு அம்மா. அவங்களும் சுத்தம். அதையும் நான்தான் சொல்லணும், சொல்றேன். எழுதிக்குங்க."

எழுத்தன் எழுதுகோலை எடுக்கவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று சும்மாவா சொன்னார்கள். எலாசாவின் முகம் முதலில் வெளுத்து, அப்புறம் சிவந்தது.

"அம்மா அந்த ரெண்டு நாளும் தீபேரியாவுல இருந்தாங்க," என்றார் சீலா. "பாத்தவங்க பத்து பேரைக் கொண்டுவர முடியும். இவளுக்கு ஆறு வருஷமா சோறு போட்ட வீடு அது."

"கேட்டியா?" என்றார் எலாசா. "கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி இந்தச் சபையில உனக்காக ஒரு அடிமைப் பொண்ணு நின்னா. நீ பேசாம கேட்டுக்கிட்டு இருந்த. இப்ப அவ இல்லங்கற. நாளைக்கு வேற பேர் சொல்லுவ. பொய்யக் கொண்டுவந்த வாயால உண்மையச் சொன்னா நாங்க எதை வெச்சு நம்புறது? பெரிய வீட்டுப் பொம்பளை மேல பழி போட்டதுக்கு உன்னைக் கசையால அடிக்கணும். உன் புருஷன் முகத்துக்காக விடுறேன்."

அவர் கோபத்தில் பொய் இல்லை. பொய்ச் சாட்சியைக் கொண்டுவந்தது யார் என்று யோசிக்க அவர் பழகவில்லை, அவ்வளவுதான். தபீத்தா ஏற்கெனவே போய்விட்டிருந்தாள். தீர்ப்பு நாலு வார்த்தையில் முடிந்தது. சாட்சி இல்லை. மல்கியாவுக்கு அவள் விலக்கு.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் மல்கியா இருபதடி முன்னால் நடந்தான். திம்னாவும் ரூமாவும் பின்னால். பாதி வழியில் அவன் திரும்பாமலே, "அவங்க வருவாங்கன்னு நெனச்சேன்," என்றான். "உண்மையச் சொன்னா கூப்பிட்டு விசாரிப்பாங்கன்னு நெனச்சேன்."

"யாரு கூப்பிடுவா?" என்றாள் திம்னா. அதற்கு மேல் அவனோடு சண்டை போட அவளிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. அவன் மேல் இருந்த ஆசை மட்டும், வெட்கம் கெட்டு, அப்படியே இருந்தது. அதுதான் அவளை அறுத்தது.

அடுத்த வாரம் தோட்ட வீட்டிலிருந்து ஆள் வந்தான். இனிமேல் அப்பம் சுட வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"எதுக்காம்?" என்று கேட்டாள் ரூமா.

"சாவடியில இருந்தவ கைமாவு ஆசாரிய வீட்டுக்கு ஆகாதாம். அம்மா சொல்லச் சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"எங்க அம்மாதான். யோகானா அம்மா."

ரூமா வாயைத் திறந்தாள். திம்னா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "போகச் சொல்லு," என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நிறுத்த முடியாது என்று பயந்து அடக்கிக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கும் முன்னால், ஏத்தாமின் வீட்டு முற்றத்தில் கல்யாணத்தை முறிக்கும் தள்ளுதற்சீட்டு எழுதினார்கள். எழுத்தர் செப்போரியிலிருந்து வந்திருந்தார். ஊர்ப் பெயர், ஆற்றின் பெயர், தேதி, இருவர் பெயர், இருவர் தகப்பன் பெயர் எல்லாம் ஓர் எழுத்து பிசகாமல் எழுதினார். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். இதற்குச் சாட்சி கிடைப்பதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. மல்கியா ஒரு மாதத்தில் கிழவனாகிவிட்டிருந்தான். பார்க்கிற இடத்தைப் பார்க்காமல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். கேசியாவை யாரோ ஒரு வீட்டில் விளையாட விட்டிருந்தார்கள்.

எழுத்தர் சீட்டைச் சத்தமாகப் படித்தார். "இதோ, நீ எந்த ஆணுக்கும் விலக்கில்லாதவள்," என்ற இடம் வந்தபோது திம்னா தலையை நிமிர்த்தினாள்.

"எந்த ஆணுக்கும்னா?" என்று கேட்டாள்.

எழுத்தர் வயதானவர், இரக்கமுள்ளவர். "யாரை வேணாலும் கட்டிக்கலாம்மா. ஆசாரியனா இல்லாத யாரை வேணாலும். இனிமே உன்னை ஒருத்தரும் தடுக்க முடியாது."

அவள் கொஞ்ச நேரம் அதை நினைத்துப் பார்த்தாள். வண்டியை விட்டு இறங்கி ஓடினானே, அந்த வண்டிக்காரனுக்கு அவள் விலக்கில்லை. தூணோரம் நின்ற சீலாவுக்கு விலக்கில்லை. களத்தில் தடியோடு வந்து நிற்கும் அரிஸ்தோன் ஆட்களில் எவனுக்கும் விலக்கில்லை. அவளை நம்பின ஒரே ஒருவனுக்குத்தான் அவள் ஆகாதவள்.

"கையை நீட்டும்மா," என்றார் எழுத்தர். "ரெண்டு கையும் சேத்து."

அவள் நீட்டினாள். மல்கியா சீட்டை அவள் உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே பிடித்து, விரல் பட்டுவிடாமல் விட்டான்.

"இப்ப அதை எடுத்துக்கிட்டு கொஞ்ச தூரம் நடக்கணும். வாங்கிக்கிட்டேங்கறதுக்கு அதுதான் அடையாளம்."

திம்னா சீட்டோடு நின்றாள். முற்றத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று தெருவுக்கு, இன்னொன்று மதிலைத் தாண்டி அவள் வீட்டுக்கு. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டது மல்கியாவிடம். பதில் சொன்னது எழுத்தர்தான்.

"அந்த வீட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்மா," என்றார்.